பீர்த் தொட்டியும் ஈயக் குண்டும்

இன்னிக்கு இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வீட்டிலேயே பீர் தயாரிப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகள் இருக்கு. இங்கிலாந்தில் 1963ல் இருந்து அதற்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழி விட்டது. அங்கே புதுசா பீர் போட ஆரம்பிக்கிறவங்களுக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடம் பார்லியைப் பத்தியோ ஹாப்ஸ் பூவைப் பத்தியோ இருக்காது. "முதல்ல தொட்டியை ஒழுங்கா கழுவு" என்பதுதான் முதல் பாடம்.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். குடி உடம்புக்குக் கேடு என்று தினம் நோயாளிகளிடம் சொல்லுற ஆள் நான். அதனால் இதைச் செய்முறைக் குறிப்பா எடுத்துக்காதீங்க. அப்புறம் ஏன் ஒரு டாக்டர் பீர்த் தொட்டியைப் பத்தி எழுதணும்?

காரணம் இருக்கு. நீங்க ஆபரேஷன் முடிஞ்சு புண் சீழ் பிடிக்காம வீடு திரும்புறீங்களே, அந்த அறிவின் ஒரு வேர் கெட்டுப்போன நொதித்தல் தொட்டிக்குள்ளேதான் கிடந்தது. இன்னொரு விஷயம், இது பலருக்கும் தெரியாது. தொட்டியில் இருந்த அழுக்கு மதுவைத்தான் கெடுத்தது, மனுஷனைக் கொன்றது அரிது. சுத்தம் பண்ணப் போட்ட பொருளும், அந்தச் சுத்தத்தின் பக்கவிளைவைச் சமாளிக்கப் போட்ட பொருளும்தான் ஆளைச் சாய்ச்சிருக்கு.

முதல்ல, அழுக்குத் தொட்டி பீர் ஏன் ஆளைக் கொல்லாது?

முளைகட்டின பார்லியை வெந்நீரில் ஊறவைச்சு, இனிப்புச் சாறு எடுத்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைக்கிறாங்க. ஆறினதும் ஈஸ்ட் சேர்க்கிறாங்க. நாம பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தருது. நொதிச்சு முடிஞ்ச பீரில் ஆல்கஹால் இருக்கு, அமிலம் இருக்கு (பிஹெச் சுமார் 4), ஹாப்ஸோட கசப்பு இருக்கு, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. டைபாய்டு, காலரா கிருமிகள் இந்தச் சூழலில் பிழைக்க முடியாது. முக்கியமா, தண்ணி ஒரு தடவை நல்லா கொதிச்சிருக்கு.

1854ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவினப்போ டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகக் கணக்கெடுத்தார். கை பம்பின் கைப்பிடியைக் கழட்ட வைத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே தெருவில் ஒரு பீர் ஆலை இருந்தது. 70க்கு மேற்பட்ட வேலையாட்கள். ஒருத்தர்கூட காலராவில் சாகலை. ஆலை உரிமையாளர் ஸ்னோவிடம் சொன்னது இதுதான்: ஆட்களுக்குத் தினம் பீர் உண்டு, அவங்க பம்புத் தண்ணியைக் குடிச்சதா தெரியலை. ஆலைக்குள்ளேயே தனிக் கிணறும் இருந்தது. இதை வச்சு "பீர் காலராவுக்கு மருந்து"ன்னு யாரும் கிளம்பிடாதீங்க. அவங்களைக் காப்பாத்தினது அந்தப் பம்புத் தண்ணியைக் குடிக்காம இருந்தது.

ஆக, கெட்ட தொட்டியில் செய்த பீர் புளிக்கும், நாறும், கலங்கும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும். குடிச்சவன் முகம் சுளிப்பான். அவ்வளவுதான் பெரும்பாலும்.

இப்போ இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்கு வாங்க. டெவன் என்கிற மாவட்டம். ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கே பீரைவிட அதன் பங்காளியான சைடர்தான் எல்லார் வீட்டுப் பானம். ஆப்பிள் சாறைப் பிழிஞ்சு நொதிக்க விட்டா சைடர்.

17ஆம் நூற்றாண்டில் இருந்தே அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு விசித்திர வியாதி. வயித்தைப் பிடிச்சு முறுக்குற வலி, மலம் போகாது, முகம் வெளுத்துப் போகும். நாள்பட்டால் மணிக்கட்டு தொங்கிப் போகும், கையைத் தூக்க முடியாது. சிலருக்கு வலிப்பு, சிலருக்கு மரணம். 1724ல் பெரிய அளவில் வந்தது. பிளிமத் நகர மருத்துவர் ஜான் ஹக்ஸம் இதை விரிவாக எழுதினார். ஆப்பிள் சாற்றின் புளிப்புதான் காரணம் என்பது அவர் முடிவு. வியாதிக்கு "டெவன் வயிற்றுவலி" என்றே பெயர் நிலைத்தது.

ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் அந்த மண்ணில் பிறந்தவர், பிற்பாடு லண்டனில் பெரிய பெயர் வாங்கினவர். அவருக்கு ஒரு சந்தேகம். இந்த வலி, ஈயப் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கும் பெயின்டர்களுக்கும் வரும் வலி மாதிரியே இருக்கே? ஹியர்ஃபோர்ட் மாவட்டத்திலும் சைடர் குடிக்கிறாங்க. அவங்களுக்கு ஏன் இது வரலை?

போய்ப் பார்த்தார். டெவனில் ஆப்பிள் பிழியும் செக்கில் கல் இணைப்புகளை ஈயம் ஊற்றி அடைச்சிருந்தாங்க. சில இடங்களில் தொட்டிக்கே ஈயத் தகடு. கூடவே இன்னொன்று: சாதனங்களைச் சுத்தம் பண்ண ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தினாங்க.

இது நமக்கு அந்நியமான வேலை இல்லை. கழுத்து குறுகின பாட்டிலுக்குள் கை போகாதப்போ நம்ம வீட்டில் என்ன பண்ணுவோம்? மணலோ அரிசியோ கொஞ்சம் போட்டு, தண்ணி விட்டுக் குலுக்குவோம். ஓரத்தில் ஒட்டினது உரசி வந்துடும். ஐரோப்பாவில் அந்த வேலைக்கு வேட்டைத் துப்பாக்கியில் போடுற ஈயக் குண்டு. கனமானது, உருண்டையானது, நல்லா உரசும், திரும்பத் திரும்பப் பயன்படும். ஒயின் பாட்டில்களையும் இப்படித்தான் கழுவினாங்க. குலுக்கிக் கொட்டும்போது ஒண்ணு ரெண்டு அடியில் சிக்கிக்கிட்டா யாருக்குத் தெரியும்? மேலே புளிப்பான சாறு ஊத்தியாச்சு. அமிலம் ஈயத்தைக் கரைக்கும். கரைஞ்ச ஈய உப்பு கசக்காது, இனிக்கும். நாக்கு எச்சரிக்கவே செய்யாது. அங்கேதான் ஆபத்து.

பேக்கர் டெவன் சைடரை ரசாயனச் சோதனை செய்து அதில் ஈயம் இருப்பதைக் காட்டினார். ஹியர்ஃபோர்ட் சைடரில் அது இல்லை. 1767ல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் இதை வாசித்தார்.

ஊர் என்ன செய்தது? கைதட்டியிருக்கும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. சைடர் தயாரிப்பாளர்கள் கொதிச்சுப் போனாங்க. பிறந்த மண்ணோட பிழைப்பில் மண் அள்ளிப் போடுறான் என்ற கோபம். எதிர்ப் பிரசுரங்கள் வந்தன. ஆனா மெல்ல மெல்ல ஈயம் செக்கை விட்டு வெளியேறியது. அடுத்த அரை நூற்றாண்டில் அந்த வியாதி டெவனில் அபூர்வமாகிப் போச்சு.

பேக்கருக்கு நுண்ணோக்கியும் தேவைப்படலை, புது மருந்தும் தேவைப்படலை. ரெண்டு ஊரை ஒப்பிட்டார், தொட்டியை எதை வச்சுக் கழுவுறாங்கன்னு கேட்டார். என்னைக் கேட்டா மருத்துவ மாணவர்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தர வேண்டிய கதை இது.

அடுத்து பிரான்ஸ். 1856, லீல் நகரம்.

அங்கே புது அறிவியல் கல்லூரிக்குத் தலைவராக வந்திருந்த லூயி பாஸ்டர் வேதியியல் ஆள், மருத்துவர் கிடையாது. அவருடைய மாணவர் ஒருவரின் அப்பா பிகோ, பீட்ரூட் சாற்றை நொதிக்க வைத்து ஆல்கஹால் எடுக்கும் ஆலை நடத்தினவர். சில தொட்டிகள் நல்லா நொதிக்குது, சில தொட்டிகள் புளிச்சு வீணாகுது, ஏன்னு தெரியலை, நஷ்டம். "நீங்க வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டார்.

பாஸ்டர் ஆலைக்குப் போய் ரெண்டு வகைத் தொட்டியில் இருந்தும் சாறு எடுத்து நுண்ணோக்கியில் வச்சார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்ட தொட்டியில் உருண்டை குறைஞ்சு, அதைவிட ரொம்பச் சின்னதா வேற வடிவங்கள். அடுத்த வருஷம் லாக்டிக் அமில நொதித்தலைப் பற்றி அவர் எழுதின கட்டுரை புகழ்பெற்றது. புளிச்சுப்போன திரவத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். அதில் துளி எடுத்துப் புதுச் சர்க்கரைக் கரைசலில் போட்டா அதுவும் புளிக்கும். அதில் துளி எடுத்து இன்னொண்ணில் போட்டா அதுவும்.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்புன்னு நம்ம ஊர்ப் பாட்டி கேட்பார். துளி மோர் விட்டா அண்டாப் பாலும் தயிராகும்னு அவருக்குத் தெரியும். பனையேறிக்கும் தெரியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாம விட்டா கள்ளு. பாத்திரத்தின் சுவர்தான் முடிவு பண்ணுதுன்னு அவங்க தினம் செஞ்சு காட்டினாங்க. பாஸ்டர் சேர்த்தது அதன் காரணத்தை: அந்தத் துளியில் இருப்பது உயிர். அது தானா முளைக்காது, எங்கிருந்தோ வரணும். காத்தில் தூசியோட வரும், கழுவாத தொட்டியில் ஒட்டி இருக்கும், பழைய ஈஸ்ட்டோட கலந்து வரும். வர்ற வழியை அடைச்சா கெடாது.

1870–71ல் ஜெர்மானியரிடம் பிரான்ஸ் தோத்தது. பாஸ்டருக்குத் தாங்கலை. ஜெர்மன் பீரைவிட நல்ல பீர் செஞ்சு பழிவாங்குறேன்னு கிளம்பினார். இத்தனைக்கும் அவர் பீர் பிரியரே இல்லை. 1871 செப்டம்பரில் லண்டன் விட்பிரெட் ஆலைக்குப் போனார். அங்கே கருப்பு பீருக்கான ஈஸ்ட்டைக் கேட்டு வாங்கி நுண்ணோக்கியில் பார்த்து, இதில் வேண்டாத கிருமி கலந்திருக்குன்னு சொன்னார். எங்க குறையை இந்த ஆள் எப்படி அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடிச்சான்னு அவங்களுக்குத் திகைப்பு. சில நாள் கழிச்சுத் திரும்பப் போனப்போ ஆலையில் ஒரு நுண்ணோக்கி வாங்கி வச்சிருந்தாங்க! அதுவரை பீப்பாய் சுத்தமா இருக்கான்னு பார்க்க ஆலைகளில் இருந்த ஒரே கருவி மூக்கு. பீப்பாய்க்குள் முகத்தை விட்டு மோந்து பார்க்குறதுக்குன்னே ஆள் வச்சிருந்தாங்க. நல்ல மூக்குதான், ஆனா கெட்டுப்போன பிறகுதான் அது சொல்லும்.

1876ல் பீரைப் பற்றிய ஆய்வுகள் என்று பாஸ்டரின் புத்தகம் வந்தது. அதில் அவர் "பீரின் நோய்கள்" என்று எழுதினார். பீருக்கு நோய்! வெளியிலிருந்து வந்த நுண்ணுயிர்தான் காரணம். பீருக்கு அப்படி வரும்னா மனுஷனுக்கு? அவரோட அஞ்சு பிள்ளைகளில் ரெண்டு பெண்கள் டைபாய்டில் செத்துப்போனவங்க. அந்தக் கேள்வி அவருக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வியா இருந்திருக்காது.

புத்தகம் வர்றதுக்கு 11 வருஷம் முன்னாடியே, நொதித்தலைப் பற்றிய பாஸ்டரின் கட்டுரைகளை ஒரு அறுவை மருத்துவர் படிச்சுட்டார். கிளாஸ்கோ நகரம், ஜோசப் லிஸ்டர். சக பேராசிரியரான வேதியியலாளர் தாமஸ் ஆண்டர்சன் "இதைப் படிச்சீங்களா"ன்னு எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் காலத்து அறுவைப் பிரிவை நினைச்சுப் பாருங்க. ரத்தம் காய்ஞ்சு மொறமொறன்னு இருக்கும் கோட்டுதான் அனுபவசாலி சர்ஜனுக்கு அடையாளம். எலும்பு உடைஞ்சு தோலைக் கிழிச்சு வெளியே வந்தா, பெரும்பாலும் காலை வெட்டுவாங்க. வெட்டினவங்களிலும் பாதிக்குப் பாதி சீழ் பிடிச்சுச் சாவாங்க. "காத்துப் பட்டா புண் அழுகும்" என்பது நம்பிக்கை. காத்தைத் தடுக்க முடியுமா? முடியாது. அதனால் சும்மா இருந்தாங்க.

லிஸ்டருக்குப் பாஸ்டரின் தொட்டி ஒரு திறவுகோல். காத்து காரணம் இல்லை, காத்தில் வர்ற உயிர்தான் காரணம். அப்போ காத்தைத் தடுக்க வேண்டாம், அந்த உயிரைக் கொன்னா போதும். புண்ணைக் கொதிக்க வைக்க முடியாது. ரசாயனம் வேணும். கார்லைல் நகரச் சாக்கடையின் நாத்தத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்தினாங்கன்னு கேள்விப்பட்டிருந்தார். நம்ம ஃபினாயில் வாசனை இருக்கே, அந்தக் குடும்பம்தான்.

1865 ஆகஸ்ட் 12. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயசுப் பையன். வண்டிச் சக்கரம் ஏறி முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைஞ்சு தோலும் கிழிஞ்சிருந்தது. லிஸ்டர் காலை வெட்டலை. கார்பாலிக் நனைத்த துணியைப் புண்மேல் வச்சுக் கட்டினார். நாலு நாள் கழிச்சுப் பிரிச்சப்போ சீழ் நாத்தம் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிடுச்சு. பையன் ரெண்டு காலோட வீட்டுக்குப் போனான்.

லிஸ்டரே பின்னாடி வெளியிட்ட கணக்கு: இந்த முறைக்கு முன்னாடி அவர் செய்த 35 கால்–கை நீக்க அறுவைகளில் 16 பேர் மரணம். முறை வந்தபின் 40ல் 6. 1874ல் பாஸ்டருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கிருமிநாசினி முறையை நடத்திச் செல்லக்கூடிய ஒரே கொள்கையை எனக்குத் தந்தவர் நீங்கள்தான் என்ற பொருளில் நன்றி. பீட்ரூட் தொட்டி புளிச்சதுக்கும் கிளாஸ்கோ பையன் கால் தப்பிச்சதுக்கும் நடுவில் ஒன்பதே வருஷம்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லணும். 1847லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வச்சு, பிரசவ வார்டில் சாவைக் குறைச்சுக் காட்டினார். யாரும் கேட்கலை. பலனைக் காட்டினார், ஆனா காரணமான உயிரைக் காட்ட அவருக்கு வழி இல்லாமல் போச்சு.

சரி, தொட்டியைப் பளிச்சுன்னு கழுவிட்டா எல்லாம் முடிஞ்சதா? டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் அப்படித்தான் நினைச்சாங்க. பாஸ்டரின் பக்தரான ஜேக்கப்சனோட ஆலை அது. சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பீர் கசந்தது, நாறியது. எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற ஆய்வாளர் காரணத்தைக் கண்டுபிடிச்சார். பாக்டீரியா கிடையாது. ஈஸ்ட்டுக்குள்ளேயே வேற ஈஸ்ட், காட்டு ஈஸ்ட் கலந்திருந்தது. பழத்தோலிலும் தோட்டத்து மண்ணிலும் வாழ்றது, தூசியோட ஆலைக்குள் வரும். உறைமோரே கெட்டிருந்தா பாத்திரம் எவ்வளவு சுத்தமா இருந்து என்ன பண்ண? 1883ல் ஹான்சன் ஒரே ஒரு செல்லில் இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். ஜேக்கப்சன் அதைப் பூட்டி வைக்காம மத்த ஆலைகளுக்கும் கொடுத்தார். இது பெரிய மனசு.

(அந்த ஆலை ஆய்வகத்தில்தான் 1909ல் சோரன்சன் பிஹெச் அளவுகோலை உருவாக்கினார். ஐசியூவில் ரத்தத்தின் பிஹெச் 7.4 இருக்கான்னு நாங்க பார்க்குறோமே, அதுவும் பீர் ஆலை கொடுத்த சீர்தான்.)

இப்போ நூறு வருஷம் தாண்டுவோம். கனடா, கியூபெக் நகரம், 1965 ஆகஸ்ட்.

நடுவயசு ஆண்கள் மூச்சுத் திணறலோட ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. இதயம் ரொம்பப் பெருசாகி இருக்கு, சுத்தி நீர் கோத்திருக்கு, உடம்பு நீலம் பாய்ஞ்சிருக்கு. சிலர் வந்து ஒண்ணு ரெண்டு நாளில் செத்துட்டாங்க. டாக்டர் ஈவ் மோரானும் சகாக்களும் சேர்த்துப் பார்த்த கணக்கு: 48 பேர், அதில் 20 மரணம். எல்லாரும் மொடாக் குடியர்கள், எல்லாரும் பீர். சரி, மொடாக் குடியர்கள் எல்லா ஊர்லயும் எல்லா காலத்திலும் இருக்காங்க. திடீர்னு இந்த ஊரில், இந்த மாசம் மட்டும் ஏன்?

விசாரிச்சப்போ வெளியான கதையில் மறுபடியும் கழுவுற பொருள்தான் வந்து நிக்குது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயற்கை டிடர்ஜென்ட்கள் எல்லா இடத்திலும் பரவின. மதுக்கடைகளில் கண்ணாடிக் கோப்பைகளை அதில் கழுவினாங்க. கோப்பையில் ஒட்டின டிடர்ஜென்ட் மிச்சம் பீரின் நுரையைக் கொன்னுடும். நுரை நிக்காத பீரை வாடிக்கையாளர் "ஆறிப்போன சரக்கு"ன்னு திருப்பிக் கொடுத்துடுவார். நியாயமான தீர்வு என்ன? கோப்பையை நல்ல தண்ணியில் ரெண்டு தடவை அலசுறது. பீர் ஆலைகள் எடுத்த தீர்வு வேற. நுரையைப் பிடிச்சு நிறுத்தக் கோபால்ட் உப்பைத் துளி அளவு பீரிலேயே கலந்தாங்க. அனுமதியோடதான். கியூபெக்கில் கலக்க ஆரம்பிச்சு ஒரு மாசத்தில் முதல் நோயாளி. நிறுத்தினதும் புது நோயாளிகள் வர்றது நின்னுபோச்சு. அமெரிக்காவின் ஓமஹாவிலும் பெல்ஜியத்திலும் இதே மாதிரி நடந்திருந்தது.

மருத்துவர்களைக் குழப்பினது எது தெரியுமா? அந்தக் காலத்தில் ரத்தசோகைக்குக் கோபால்ட் உப்பை மருந்தாகவே கொடுத்தாங்க, பீரில் போனதைவிடப் பல மடங்கு அதிகமா. அவங்களுக்கு இதயம் இப்படிப் பழுதாகலை. இவங்களுக்கு ஏன்? ஒரு நாளைக்குப் பல லிட்டர் பீர், வேற சாப்பாடு கிடையாது. புரதம் இல்லை, தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லை, ஏற்கெனவே ஆல்கஹால் அடிச்சுத் தளர்ந்த இதயம். அந்த இதயத்துக்கு அந்தத் துளியே அதிகம். "அனுமதிக்கப்பட்ட அளவு" என்பது யாரோட உடம்பை வச்சுக் கணக்குப் போட்டது என்ற கேள்வி எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் வரும். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை செயற்கை இடுப்பு மூட்டு வச்சவங்கள்ல சிலருக்கு இதே கோபால்ட் இதய நோய் நம்ம காலத்திலும் வந்திருக்கு. மூட்டு தேய்ஞ்சு கோபால்ட் ரத்தத்தில் சேர்ந்ததால வந்தது.

இனி அந்த வீட்டுத் தொட்டிக்கு வருவோம். வெளிநாட்டில் வீட்டில் பீர் போடுறவங்க பயன்படுத்துறது 20, 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, இல்லேன்னா கழுத்து குறுகின பெரிய கண்ணாடிக் குடுவை. அவங்களுக்கு ஒரு விதி உண்டு: கழுவுறது வேற, கிருமி நீக்குறது வேற. ரெண்டும் ஒண்ணில்லை, வரிசையும் மாறக்கூடாது. எங்க ஆஸ்பத்திரியிலும் இதே விதிதான். கத்தரிக்கோலில் ரத்தம் காய்ஞ்சு ஒட்டியிருந்தா அதை 121 டிகிரியில் ஆட்டோகிளேவில் வச்சும் நம்ப முடியாது. அழுக்கு ஒரு போர்வை. அதுக்கு அடியில் கிருமி பதுங்கிக்கும். அதனால்தான் முதலில் தேய்ச்சுக் கழுவி அப்புறம் கிருமி நீக்கம்.

பீர்த் தொட்டியில் அந்தப் போர்வைக்கு ஒரு பெயர் உண்டு: பீர்க்கல். தொட்டிச் சுவரில் வெள்ளையும் மஞ்சளுமா ஓடு கட்டும். என்ன பொருள் தெரியுமா? கால்சியம் ஆக்ஸலேட். உங்க சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் வந்த கல்லும் பெரும்பாலும் அதுதான்! பார்லியில் இருந்து ஆக்ஸலேட், தண்ணியில் இருந்து கால்சியம், ரெண்டும் சேர்ந்து சுவரில் படியும். காரத்தால் மட்டும் போகாது, அமிலமும் வேணும். அந்தக் கல்லின் சொரசொரப்பில் பாக்டீரியா ஒட்டிக் குடித்தனம் பண்ணும். பிளாஸ்டிக் வாளியை இரும்பு நாரால் தேய்ச்சு வரும் கீறலிலும் அதே கதை. ரொம்ப நாள் மாத்தாத சிறுநீர்க் குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கிட்டு ஆன்டிபயாடிக்குக்கே மசியாம இருக்கும். அதை நாங்க கழுவிப் பார்க்குறதில்லை, குழாயையே மாத்திடுவோம். கீறல் விழுந்த வாளியை அவங்களும் தூக்கிப் போட்டுடுவாங்க.

கிருமி நீக்க அவங்க பயன்படுத்துறதில் ஒன்று அயோடின் கலந்த திரவம். உங்க புண்ணுக்குப் போடுற பழுப்பு மருந்தின் நெருங்கிய சொந்தக்காரன். பழைய ஆட்கள் பிளீச் போடுவாங்க. சரியா அலசலேன்னா, பிளீச்சில் இருக்கும் குளோரின் பீரில் இயல்பா இருக்கும் ஃபீனால் வகைகளோட சேர்ந்துடும். பீர் அப்படியே ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். லிஸ்டரின் வார்டைக் கோப்பையில் ஊத்திக் கொடுத்த மாதிரி இருக்கும். அதைவிட மோசம், சீக்கிரம் வேலை ஆகட்டும்னு பிளீச்சோட வினிகரையோ வேற ஆசிட்டையோ கலக்குறது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். இது நம்ம வீட்டுக் கழிவறைக்கும் பொருந்தும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒண்ணா ஊத்தாதீங்க.

பெரிய ஆலைகளில் தொட்டியைக் கழுவ முக்கியமான பொருள் காஸ்டிக் சோடா. புரதத்தையும் எண்ணெயையும் கரைச்சு எடுத்துடும். நம்ம உணவுக்குழாயும் புரதம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் துப்புரவுக்காக இதைச் சாதாரணமா அலமாரியில் வச்சிருந்தாங்க. எச்சரிக்கைச் சீட்டு கிடையாது. சர்க்கரைன்னு நினைச்சுக் குழந்தைகள் வாயில் போட்டுக்குவாங்க. பிழைச்சவங்களுக்கு உணவுக்குழாய் வெந்து சுருங்கி, துளி தண்ணிகூட இறங்காது. செவாலியே ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர் அப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார். தண்ணியே இறங்காத ஒரு சின்னப் பொண்ணுக்கு உணவுக்குழாயில் அடைச்சிருந்ததை எடுத்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்ததை எழுதியிருக்கார். முதல் மடக்கைப் பயந்து பயந்து குடிச்சது. இறங்கினதும் இன்னொரு மடக்கு. அப்புறம் அந்தப் பொண்ணு அவர் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்ததாம். வருஷக்கணக்கா அலைஞ்சு, இந்தப் பொருட்களின் மேல் "விஷம்" என்று அச்சிட்டே ஆகணும்னு 1927ல் சட்டம் வர வச்சவர் அவர்.

நம்ம ஊரில் தொட்டி கழுவும் பொருள் எங்கே இருக்கு? கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில், சிங்க் அடியில். தெருவில் சைக்கிளில் வர்றவரிடம் வாங்கின ஆசிட்டையும் ஃபினாயிலையும் அதில்தான் ஊத்தி வைக்கிறோம். இன்னிக்கே போய்ப் பாருங்க. இருந்தா, கைக்கெட்டாத உயரத்துக்கு மாத்துங்க, குடிக்கிற பாட்டிலில் இருந்து எடுத்துடுங்க.

குழந்தை குடிச்சுட்டா: வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி கொடுக்காதீங்க, தொண்டையில் விரல் விடாதீங்க. போகும்போது எரிச்சது திரும்பி வரும்போது மறுபடி எரிக்கும். எலுமிச்சைச் சாறு விட்டு முறிக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. வாயைத் தண்ணியால் கொப்பளிக்க வைங்க, 108க்குக் கூப்பிடுங்க, அந்தப் பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு வாங்க.